கஷ்டத்தை ஜெபமாகச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி: படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பாலக்கோடு பக்கத்தில் ஒரு சிறிய சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். புதிதாக வரும் ஆசிரியர்களும் வீட்டில் முயன்று பார்க்கும் பெற்றோரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிள்ளை கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இவர்கள் ஜெபத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முன்படியை விட்டுவிட்டுப் பின்படிக்குத் தாவினால் பிள்ளையின் வாய் ஜெபிக்கும். கஷ்டம் வயிற்றிலேயே கிடக்கும். கத்தோலிக்க வீடுகளில் சங்கீதம் என்ற இடத்தில் திருப்பாடல் என்றும், ஜெபம் என்ற இடத்தில் செபம் என்றும் வாசித்துக்கொள்ளலாம். முறை ஒன்றுதான்.

1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

கோடு போடாத நோட்டு ஒன்று, பிள்ளைக்குப் பிள்ளை தனியாக. எழுதத் தெரியாத பிள்ளை படம் வரைய வேண்டியிருக்கும் என்பதால்தான் கோடு வேண்டாம் என்கிறேன். நாற்பது பக்கம் போதும். தடித்த நோட்டைக் கொடுத்தால் அதைப் பார்த்தே பிள்ளை மலைத்துப்போகும்.

அவசரமில்லாத பத்து நிமிடம். ஆராதனை முடிந்து, டவுன் பஸ்ஸைப் பிடிக்கத் தாய் வாசலில் நிற்கும் நேரத்தில் இதைத் தொடங்காதீர்கள். பிள்ளையின் ஒரு கண் பஸ்மேல்தான் இருக்கும். வீட்டில் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், தொலைக்காட்சியை அணைத்த பிறகு. தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு உட்காருவதில் பயனில்லை.

திறந்த இடம். ஆசிரியராக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு தனியாக உட்காரவே கூடாது. மற்றவர்கள் பார்க்கக்கூடிய, ஆனால் காதில் விழாத தூரம் சரி. எங்கள் சபையில் புளியமரத்தடி அதற்குத் தோதாக இருக்கிறது.

அடுத்து, உங்கள் சொந்தக் கஷ்டம் ஒன்று. பெரியவர்கள் தமக்காக ஜெபிப்பதை ஒரு முறையாவது காணாத பிள்ளைக்கு, ஜெபம் என்பது மேடையில் ஒப்பிப்பது என்றுதான் பதியும். ஆனால் அளவு பார்த்துச் சொல்லுங்கள். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எனக்குப் பயமாக இருக்கிறது" என்பது பிள்ளை தாங்கும் அளவு. வீட்டுக் கடனையும் கணவன் மனைவிச் சண்டையையும் பிள்ளையின் தலையில் இறக்கிவைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏன் என்பது ஏழாவது படியில் வருகிறது.

2. முதலில் கஷ்டம் எது என்று பிள்ளை சொல்லட்டும்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபிக்கச் சொன்னேன். கண்ணை மூடினான். "அன்பின் பரலோகத் தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்குக் கோடான கோடி ஸ்தோத்திரம்" என்று தொடங்கி, எங்கள் போதகர் மூச்சு வாங்கும் இடத்தில் அவனும் மூச்சு வாங்கி, ஒரு சொல் தவறாமல் முடித்தான். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டையின் கடைசிப் பொத்தானை முறுக்கிக்கொண்டே இருந்தவன், ஆமென் சொன்னபோது பொத்தான் நூலோடு கையில் வந்துவிட்டது.

பிறகு மெல்ல விசாரித்தேன். தாய் ஆடு செத்ததால் அவன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த குட்டியை முந்தைய வாரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அவனுடைய நீண்ட ஜெபத்தில் அந்தக் குட்டிக்கு ஒரு சொல் இடமில்லை.

அன்று முதல் நான் ஜெபத்தில் தொடங்குவதை விட்டுவிட்டேன். கேள்வியில் தொடங்குகிறேன். "ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டால் "இல்லை" என்று தலையாட்டிவிடுவார்கள். "இந்த வாரம் எதை நினைத்து அழுகை வந்தது?", "எந்த நாள் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். நாளையும் இடத்தையும் கேட்டால் பிள்ளைக்கு நினைவு வரும். ஐந்தாறு வயதுப் பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம். நோட்டில் வரையச் சொல்லிவிட்டு, "இது யார்? ஏன் மூலையில் நிற்கிறார்?" என்று விசாரியுங்கள்.

கேட்டபின் மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். இந்த இருபதுதான் புதியவர்களுக்கு மிகவும் கஷ்டமான பகுதி. ஐந்து எண்ணுவதற்குள் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

கஷ்டத்துக்கு நீங்கள் எடைபோடவும் வேண்டாம். ஆட்டுக்குட்டி போனதும் அழிரப்பர் தொலைந்ததும் சிறிய விஷயம் என்று நாம் சொன்னால், பெரிய விஷயம் வரும்போது பிள்ளை நம்மிடம் வராது.

3. சொற்கள் பிள்ளையுடையதாக இருக்கட்டும்

இப்போதுதான் ஜெபம். மூன்றே வாக்கியம் போதும்: நடந்தது என்ன, உள்ளே எப்படி இருக்கிறது, என்ன வேண்டும். "குட்டியை விற்றுவிட்டார்கள். எனக்கு அப்பாமேல் கோபமாக இருக்கிறது. குட்டியை வாங்கியவர்கள் அதற்குப் பால் கொடுக்க வேண்டும்." அந்தப் பையன் அடுத்த வாரம் செய்த ஜெபம் இவ்வளவுதான்.

நடந்ததைச் சொன்ன பிறகு கேட்பது என்ற வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கேட்பதில் தொடங்கும் பிள்ளை கடைக்காரரிடம் பட்டியல் நீட்டுவதுபோல் நீட்டிவிட்டுப் போய்விடும். நடந்ததைச் சொல்லும்போது எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு தானாக வரும்.

ஜெபத்தின் நடுவில் திருத்தாதீர்கள். சபைத் தமிழில் ஆண்டவரை "நீர்", "உம்மை" என்கிறோம். பிள்ளை "இயேசப்பா, நீங்கள் வாங்க" என்றோ, "நீ ஏன் வரவில்லை?" என்றோ சொல்லும். சொல்லட்டும். மரியாதைச் சொல்லைத் தேடப் போகும் பிள்ளை சொல்ல வந்ததை மறந்துவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகள் நிறைய. அந்தப் பிள்ளைகள் பாடம் தமிழில் படித்தாலும் அழுவது வீட்டு மொழியில்தான். ஜெபமும் அதிலேயே இருக்கட்டும். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, உங்களிடமா ஜெபிக்கிறார்கள்?

இன்னொன்று. குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பன் உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் "தகப்பனே என்று கூப்பிடு" என்று வற்புறுத்தாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அந்தப் பிள்ளையின் வீட்டில் வேறு பொருள் இருக்கிறது. ஆண்டவரே, மேய்ப்பரே, இயேசுவே என்று எது வாயில் வருகிறதோ அது போதும்.

4. கோபத்துக்கும் அழுகைக்கும் இடம் கொடுங்கள்

ஆண்டவரிடம் கோபப்படலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். சங்கீதம் 13ஐத் திறந்து காட்டுங்கள். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வி முதல் இரண்டு வசனங்களிலேயே நான்கு முறை வருகிறது. கேட்பவன் அவிசுவாசி அல்ல, தாவீது.

மெதுவாக வாசித்துவிட்டு, பிள்ளைகளைத் தங்கள் சொந்த "எதுவரைக்கும்" ஒன்றை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு வந்தவற்றில் சில: "எதுவரைக்கும் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்கே போவார்?" "எதுவரைக்கும் என்னை வகுப்பில் அல்லேலூயா என்று கூப்பிடுவார்கள்?" "எதுவரைக்கும் தண்ணீர்க் குடத்தை நான் மட்டும் தூக்குவேன்?" மூன்றாவதை எழுதிய சிறுமியின் அண்ணனும் அதே வகுப்பில்தான் இருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

இங்கே நடக்கும் தவறு, அதே நாளில் ஐந்தாம் ஆறாம் வசனங்களுக்கு ஓடுவது. நம்பிக்கையும் பாட்டும் அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் எழுதிய கேள்வியின் மை காய்வதற்குள் "சரி, இப்போது சந்தோஷமாகப் பாடுவோம்" என்றால், கேட்டதே தவறு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அவற்றை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருளிலேயே முடிகிற சங்கீதமும் வேதத்தில் இருக்கிறது, 88ஆம் சங்கீதம். அதையும் யாரும் வெட்டி எறியவில்லை.

5. கேட்பதைத் திட்டமாகக் கேட்கட்டும்

"எல்லாரையும் ஆசீர்வதியும்" என்பது பிள்ளை தப்பித்துக்கொள்ளும் வழி. பெரியவர்களுக்கும்தான். எசேக்கியா ராஜா அசீரியாவிலிருந்து வந்த மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன் விரித்துவைத்தான் என்று 2 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துவிடும். கணக்கில் 22 மார்க் வாங்கிய விடைத்தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு, வராத அப்பாவின் போட்டோ என்று கஷ்டத்தின் காகிதத்தைப் பாயில் விரித்துவைத்து அதைத் தொட்டுக்கொண்டு ஜெபிக்கலாம். ஒரு சிறுமி அம்மாவின் தோடு வைத்த அடகுச் சீட்டை நான்காக மடித்து, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வியர்வையில் எழுத்து ஊறியிருந்தது. அந்தச் சீட்டை நாம் எடுத்து வாசிக்கக் கூடாது; திரும்பப் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பேரம் பேச விடாதீர்கள். "பாஸ் ஆனால் ஒரு மாதம் டிவி பார்க்க மாட்டேன்" என்று பிள்ளை பொருத்தனை செய்யும். பாஸ் ஆகி, மூன்றாம் நாளே டிவி பார்த்துவிட்டு, ஆண்டவர் தண்டிப்பார் என்று இரவில் நடுங்கும். ஒரு கஷ்டத்துக்கு இரண்டு கஷ்டம் வேண்டாமே.

6. ஜெபித்த கையோடு ஒரு வேலை

நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டியபோது எதிரிகள் சூழ்ந்தார்கள். மதில் கட்டியவர்கள் ஜெபமும் செய்தார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது, நெகேமியா 4:9.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கேழ்வரகு கதிர் பிடிக்கும் மாதங்களில் யானை வருகிறது. அப்பா பரணில் ஏறிக் காவலிருக்கிறார்; அம்மா வீட்டில் ஜெபிக்கிறார். ஜெபித்துவிட்டோமே என்று அப்பா பரணைவிட்டு இறங்கி வந்துவிடுவதில்லை. காவல் இருக்கிறதே என்று அம்மா ஜெபத்தை நிறுத்துவதும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையிடம் "உன் பரண் எது?" என்று கேட்டால் போதும்.

ஆமென் சொன்னதும், நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைப் பிள்ளை சொல்ல வேண்டும். கணக்குக்காக ஜெபித்தால், சார் விளக்கிய பக்கத்தை மறுபடி ஒரு முறை பார்ப்பது. சண்டைக்காக ஜெபித்தால், சோற்று மணி அடித்ததும் போய் அவன் பக்கத்தில் உட்காருவது. செய்ய எதுவுமே இல்லாத கஷ்டமும் உண்டு. அம்மாவின் நோய்க்குப் பிள்ளை என்ன செய்யும்? "அம்மாவுக்கு வெந்நீர் எடுத்துக் கொடுப்பேன்" என்றால் சரி. "அம்மாவைக் குணமாக்குவேன்" என்று பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டால் இறக்கிவிடுங்கள்.

7. ஜெபத்தோடு நிற்கக் கூடாத கஷ்டங்கள்

யாராவது தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்கள், காயம் படும்படி அடிக்கிறார்கள், படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, செத்துவிடலாம் போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், "ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய தவறு. இரண்டாம் முறை அந்தப் பிள்ளை சொல்லாது.

அப்போது சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லது. உன்மேல் தப்பில்லை. இதை நான் சும்மா விடமாட்டேன்." அன்றே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது தண்டனைக்குரியது. குற்றம் செய்தவர் சபையில் மூப்பராக இருந்தாலும் அதே சட்டம்தான். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வதும் குற்றம், அதற்கும் 1098தான். சாக நினைக்கும் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பொறுப்பான பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

"சபை மானம் போய்விடும், உபவாசம் இருந்து ஜெபிப்போம்" என்பவர்கள் வருவார்கள். போனில் பேசி முடித்த பிறகு அவர்களோடு சேர்ந்து உபவாசம் இருக்கலாம்.

8. கேட்டது கிடைக்காதபோது

இந்தப் படிக்கு வராமல் யாரும் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் முன்கூட்டியே தயாராக இருங்கள்.

எங்கள் ஊரில் ஜெபம் எப்போதும் தக்காளியில் மாட்டிக்கொள்ளும். விலை ஏற வேண்டும் என்று ஜெபிக்கும் வீட்டுப் பிள்ளையும், கடையில் வாங்கிக் குழம்பு வைக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் கேழ்வரகுக்கு மழை கேட்பான். இன்னொருவன் மாம்பூ கொட்டிவிடும், மழை வேண்டாம் என்பான். விலை இறங்கிப் பறிகூலிக்கும் கட்டாமல் காய் செடியிலேயே அழுகும் வருடங்களில், "நான் ஜெபித்தேனே" என்று பிள்ளை நேராகக் கேட்கும்.

சொல்லக் கூடாத மூன்று பதில்கள் இருக்கின்றன. "உனக்கு விசுவாசம் போதவில்லை" என்றால், பயிர் அழுகியதற்கும் பாட்டி இறந்ததற்கும் தானே காரணம் என்று அந்தப் பிள்ளை காலமெல்லாம் சுமக்கும். "ஆண்டவருக்குப் பாட்டியை ரொம்பப் பிடித்துப்போனது, எடுத்துக்கொண்டார்" என்றால், அடுத்து யாரைப் பிடித்துப்போகுமோ என்று அம்மாவின் முந்தானையை விடாது. "எல்லாம் நன்மைக்கே" என்பது வேத வசனத்தின் சாயல்தான். ஆனால் பிணம் எடுப்பதற்கு முன்னால் சொல்லும் சொல் அல்ல.

எனக்குச் சொல்லத் தெரிந்த பதில் "ஏன் என்று எனக்கும் தெரியவில்லை" என்பதுதான். முதல் முறை அதைச் சொன்னபோது, ஆசிரியை இப்படிச் சொல்லலாமா என்று எனக்கே நாக்கு கூசியது. பிள்ளை என்னவோ நிம்மதியாகத்தான் என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகு, வேறொரு நாளில், இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனேயைச் சொல்லுங்கள். பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று இயேசு மூன்று முறை கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தன்னை வதைத்த, முள் என்று அவனே சொன்ன வேதனை நீங்க மூன்று முறை வேண்டினான், முள் நீங்கவில்லை. "அப்படியானால் இயேசுவுக்கு விசுவாசம் இல்லையா?" என்று நீங்களே கேளுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். இயேசுவைப் பலப்படுத்த ஒரு தூதன் வந்ததாக லூக்கா எழுதியிருக்கிறார். பவுலுக்குக் கிருபை போதும் என்று பதில் வந்தது. கேட்டது வராத இடத்தில் வேறு ஏதோ வந்திருக்கிறது என்பதைக் கதையிலிருந்தே அவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

பிறகுதான் அவரவர் வாரத்துக்குத் திரும்ப வேண்டும். "நீ கேட்டது வராத அந்த நாட்களில் யார் வந்தார்கள்?" பாட்டியை இழந்த சிறுமி வெகுநேரம் யோசித்துவிட்டு, பக்கத்து வீட்டு அத்தை மூன்று நாள் களி கிண்டிக் கொண்டுவந்ததைச் சொன்னாள். உடனே "ஆனால் அது பாட்டி களி மாதிரி இல்லை" என்றாள். இரண்டையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

9. நோட்டை வைத்துக்கொள்ளும் முறை

இடது பக்கத்தில் தேதியும் கஷ்டமும். வலது பக்கத்தை வெறுமையாக விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் திருப்பிப் பார்த்து, என்ன ஆனது என்று வலது பக்கத்தில் பிள்ளையே எழுத வேண்டும். வாரா வாரம் பார்த்தால், முளைத்ததா என்று விதையைத் தோண்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

"பதில் கிடைத்தது", "கிடைக்கவில்லை" என்று டிக் போடும் கட்டங்கள் வேண்டாம். நானும் முதலில் கட்டம் போட்டேன். டிக் குறைவாக வாங்கிய பிள்ளைகள், டிக் வருமளவுக்கு எளிதான ஜெபங்களாகப் பார்த்து எழுதத் தொடங்கினார்கள். "நாளை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்" என்று சனிக்கிழமை எழுதிய கெட்டிக்காரனும் உண்டு.

நோட்டைச் சாட்சி நேரத்தில் சபையில் வாசிக்க விடாதீர்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இரவில் அது பிள்ளையின் வீட்டிலா, ஞாயிறு பள்ளி அலமாரியிலா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வீட்டில் படித்துவிடுவார்கள் என்று பயந்து அலமாரியில் வைக்கும் பிள்ளைகள் எங்களிடம் நான்கு பேர் இருக்கிறார்கள். அலமாரிக்குப் பூட்டு வாங்கினோம். சாவியை எங்கே மாட்டியிருக்கிறோம் என்று அந்த நான்கு பேருக்கும் தெரியும்.